எட்டாயிரம் ரூபாய் கூடுதல் சம்பளம்: தினமும் சென்னைக்குப் போய் வரலாமா?

அரக்கோணம் ரெயில் நிலையம். விடியற்காலை மணி 5.

ஊர் இன்னும் கண் விழிக்கவில்லை. ஆனால் நடைமேடையில் கூட்டம்! சாப்பாட்டுப் பையுடன் ஆண்கள். ஈரத் தலை காய்வதற்குள் ஓடி வந்த பெண்கள். கல்லூரி மாணவர்கள். எல்லோரும் சென்னைக்குப் போகிறவர்கள். இரவுதான் வீடு திரும்புவார்கள்.

அரக்கோணத்தில் இருந்து சென்னை சென்டிரல் 69 கிலோ மீட்டர். எல்லா நிலையங்களிலும் நின்று போகும் மின்சார ரெயிலில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும்.

இவ்வளவு தூரம் ஏன் போகிறார்கள்? சென்னையில் சம்பளம் அதிகம். சொந்த ஊரில் வாடகை குறைவு. இரண்டும் ஒருவருக்கே வேண்டும் என்றால் நடுவே ரெயில் ஓடித்தான் ஆக வேண்டும்!

தாம்பரத்தில் தொடங்கியது

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ம் ஆண்டில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. ஜார்ஜ் டவுனில் குமாஸ்தா வேலை, மாம்பலத்தில் குடித்தனம் என்ற வாழ்க்கை அந்த ரெயிலோடு வளர்ந்தது.

இன்று தாம்பரத்தைத் தூரம் என்று யாரும் சொல்வதில்லை. தெற்கே செங்கல்பட்டில் இருந்தும், வடக்கே கும்மிடிப்பூண்டியில் இருந்தும், மேற்கே அரக்கோணத்தில் இருந்தும் தினமும் வருகிறார்கள். மேற்கில் இருந்தும் வடக்கில் இருந்தும் வரும் ரெயில்கள் நிற்கும் இடம், 1985-ல் தீப்பிடித்து எரிந்த பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம். அங்கே பழைய புத்தகங்களைப் புரட்டியபடி மணிக்கணக்கில் நின்றவர்கள் உண்டு. இன்று அதே இடத்தில் நின்று பேசக்கூட யாருக்கும் நேரம் இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

கணவர் அரக்கோணத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். மாதம் 14 ஆயிரம் ரூபாய் சம்பளம். வீட்டில் இருந்து கடைக்குப் பத்து நிமிட நடை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை.

சென்னையில் ஒரு கம்பெனி அவரை அழைக்கிறது. சம்பளம் 22 ஆயிரம்!

"எட்டாயிரம் கூட வருது. போகட்டுமா?" என்று மனைவியிடம் கேட்கிறார்.

"எத்தனை மணிக்குத் திரும்பி வருவீங்க?" என்று மனைவி கேட்கிறார்.

இதுதான் சரியான கேள்வி. கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வீட்டில் இருந்து ரெயில் நிலையம் போய், ரெயிலுக்குக் காத்திருக்க அரை மணி. ரெயிலில் ஒன்றே முக்கால் மணி. சென்னையில் இறங்கி ஆபீஸ் போய்ச் சேர இன்னொரு அரை மணி. ஆக, போவதற்கு மட்டும் இரண்டே முக்கால் மணி நேரம். திரும்பி வரவும் அப்படியே. ஒரு நாளைக்கு ஐந்தரை மணி!

ஆபீஸ் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை என்றால், காலை 6.15-க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இரவு 8.45-க்கு வீட்டு வாசலை மிதிப்பார். அதுவும் ரெயில் தாமதம் இல்லாமல் வந்தால்!

மாதம் 26 நாள் வேலை. 26 நாளுக்கும் ஐந்தரை மணி வீதம் 143 மணி நேரம் வழியில் போகிறது.

இனிப் பணத்தைப் பார்ப்போம். சீசன் டிக்கெட், சைக்கிள் ஸ்டாண்டு, ஷேர் ஆட்டோ, டீ, ரெயில் தவறிய நாளில் ஓட்டல் டிபன். எல்லாம் சேர்த்து மாதம் இரண்டாயிரம் என்று வைத்துக்கொள்வோம். எட்டாயிரத்தில் மிச்சம் ஆறாயிரம்.

ஆறாயிரத்தை 143-ஆல் வகுத்தால், வழியில் கழியும் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது 42 ரூபாய்.

ஊரில் அவர் வாங்கும் சம்பளம் என்ன? தினம் 8 மணி வீதம் மாதம் 208 மணி நேர வேலை. 14 ஆயிரம் ரூபாய். மணிக்கு 67 ரூபாய்!

உள்ளூர்க் கடையில் 67 ரூபாய்க்கு விற்ற தம் நேரத்தை, ரெயிலில் நின்றுகொண்டு 42 ரூபாய்க்கு விற்கப் போகிறார். இன்னொரு விதமாகச் சொன்னால், 143 மணி என்பது ஏறத்தாழ 18 வேலை நாட்கள். மாதத்தில் 26 நாள் வேலைக்குப் போகிறவர், 44 நாள் உழைப்பை அதே மாதத்துக்குள் திணிக்கிறார்.

எட்டாயிரத்துக்காக என்றால், இந்தக் குடும்பம் இந்த வேலைக்குப் போக வேண்டாம் என்றே சொல்லலாம்.

"ரெயிலில் தூங்கிக்கொள்ளலாமே?"

தூங்கலாம். உட்கார இடம் கிடைக்க வேண்டுமே!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அரக்கோணத்திலேயே புறப்படும் ரெயிலில் முன்னதாக வந்தவருக்கு ஜன்னல் ஓரம்கூடக் கிடைக்கும். திருவள்ளூரில் ஏறுகிறவர் இடம் தேட வேண்டும். ஆவடியில் ஏறுகிறவர் உள்ளே நுழைந்தாலே பெரிது. தூரம் அதிகம் உள்ளவருக்கு உட்கார்ந்து போகும் பாக்கியம். தூரம் குறைந்தவருக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கும் பாக்கியம்! "எத்தனை மைல்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எந்த நிலையத்தில் ஏறுவது?" என்றும் கேட்க வேண்டும்.

உட்கார்ந்து போகிறவருக்கு அந்த நேரம் முழு நஷ்டம் அல்ல. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ரெயில் பெட்டியே படிப்பறை.

பெண்கள் பெட்டியில்

காலையில் பெண்கள் பெட்டிக்குள் பார்த்தால் ஒரு வீடே ஓடுவது போல் இருக்கும். ஒருவர் பூத்தொடுப்பார். ஒருவர் கீரை ஆய்வார். மாலை ரெயிலில் பீன்ஸ் நறுக்குவார்கள், பட்டாணி உரிப்பார்கள். ராத்திரிச் சமையலுக்கு!

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ரெயில் நேரம் போக மிச்சம் இருப்பது வீட்டு வேலை. ஆகவே வீட்டு வேலையையே ரெயிலுக்குக் கொண்டு வந்து விடுகிறார்கள்.

பிரிட்டனில் இதை ஆராய்ந்தார்கள். 2011-ல் முடிவு வெளிவந்தது. நீண்ட பயணம் பெண்களின் மன நலத்தைக் கெடுக்கிறது. ஆண்களிடம் அப்படிப் பாதிப்புத் தெரியவில்லை என்று கண்டார்கள். வீட்டுப் பொறுப்பும் பிள்ளைப் பொறுப்பும் பெண்கள் தலையில் அதிகம் விழுவதே காரணமாக இருக்கலாம் என்றார்கள். இதைச் சொல்ல லண்டன் வரை போக வேண்டுமா என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பார்கள்!

சென்னையில் சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் இலவசப் பயணம். இதனால் பணச் செலவு குறைந்தது. நேரச் செலவு அப்படியே இருக்கிறது.

வேலைக்குப் போகிறவர் ஆணாக இருந்தாலும், வீட்டில் இருக்கும் பெண் தப்ப முடியாது. கணவர் 6.15-க்குக் கிளம்ப வேண்டும் என்றால், மனைவி நாலரை மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். இரவில் அவர் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவ மணி பத்து. அவருடைய சம்பளத்தில்தான் எட்டாயிரம் ஏறுகிறது. உழைப்பு இரண்டு பேருக்கு ஏறுகிறது. குழந்தையோ, அப்பாவை ஞாயிற்றுக்கிழமைதான் வெளிச்சத்தில் பார்க்கும்.

ஜெர்மனியில் கண்டது

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புருனோ பிரே, அலோயிஸ் ஸ்டுட்சர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், ஜெர்மனியில் பல ஆண்டுகள் எடுத்த குடும்பக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

தூரத்தில் இருந்து வருகிறவருக்கு ஒன்று நல்ல சம்பளம் கிடைத்திருக்கும். அல்லது வசதியான வீடு கிடைத்திருக்கும். இல்லாவிட்டால் ஏன் வருகிறார்? ஆகவே அவருடைய மன நிறைவு மற்றவர்களுக்குக் குறையக் கூடாது. இதுதான் பொருளாதாரப் பாடம். ஆனால் குறைந்திருந்தது! பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கையில் திருப்தி குறைந்தது.

கூடுதல் சம்பளம் ஆறு மாதத்தில் பழகிப் போகும். தினமும் கூட்டத்தில் இடிபடுவது அப்படிப் பழகுவதில்லை.

இ.எஸ்.ஐ. போய் விடுமா?

பலர் கவனிக்காத ஒன்று இது. குறைந்த சம்பளக்காரர்களுக்கு இ.எஸ்.ஐ. மூலம் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது. இதற்குச் சம்பள வரம்பு உண்டு. 2017-ல் அது 21 ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது.

நம் கணக்கில் வந்தவர் பழைய வேலையில் இ.எஸ்.ஐ.யில் இருந்தால், 22 ஆயிரத்துக்குப் போகும்போது அந்த வரம்பைத் தாண்டி விடுகிறார்! வீட்டில் நோயாளி இருந்தால், கூடுதல் பணம் ஆஸ்பத்திரிக்கே போய் விடக்கூடும். வேலையில் சேரும் முன்பு, வரம்பு இப்போது எவ்வளவு, கம்பெனி வேறு காப்பீடு தருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை.

அப்படியானால் யார்தான் போகலாம்?

சம்பளம் இருமடங்கு ஆகிறவர் போகலாம். அதே ஆளுக்கு 30 ஆயிரம் கொடுத்தால், செலவு போக 14 ஆயிரம் மிச்சம். வழியில் கழியும் மணிக்கு 98 ரூபாய். கணக்கே மாறி விடுகிறது.

தொழில் கற்றுக்கொள்ளப் போகிறவர் போகலாம். இரண்டு வருஷம் சென்னையில் வேலை பார்த்து, அந்த அனுபவத்தோடு உள்ளூருக்குப் பக்கத்தில் நல்ல வேலைக்கு வரலாம். கடன் இருக்கிறவருக்கு வேறு வழி இல்லை. வட்டி ஏறும்போது மணிக்கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் கடன் தீரும் மாதம் எது என்பதைக் காலண்டரில் குறித்துவிட்டுப் போக வேண்டும். முடிவு நாள் தெரிந்தால் கஷ்டத்தைப் பொறுக்கலாம்.

"வீட்டையே சென்னைக்கு மாற்றினால் என்ன?" என்று கேட்கலாம். பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது சென்னையில் நெடுநாளைய வழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதற்குத் தடை இல்லை! வீடு தேடுகிறவர் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்? குழந்தையின் பள்ளிக்கூடம், வயதான பெற்றோர் எல்லாம் வேறு இருக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஐந்து நாள் தங்கிச் சனிக்கிழமை ஊருக்கு வருகிறவர்களும் உண்டு. அதில் உடம்புக்கு ஓய்வு. வீட்டுக்கு அவர் விருந்தாளி.

முதலில் ஒரு வாரம்

வேலையை ஒப்புக்கொள்ளும் முன், நாலைந்து நாள் லீவு போட்டுவிட்டு அதே ரெயிலில், அதே நேரத்தில், ஆபீஸ் வாசல் வரை போய் வந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து ஏமாறக் கூடாது. திங்கட்கிழமை காலை போக வேண்டும். மாலையில் ஆபீசில் அரை மணி நிறுத்தி வைத்தால் அடுத்த ரெயில் எது, கடைசி ரெயில் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் என்ன செய்வது என்பதையும் அந்த வழியில் போய் வருகிறவர்களிடம் விசாரிக்கலாம். அவர்களைப் போல் உண்மை சொல்ல ஆள் கிடையாது.

அப்படியும் போவது என்று முடிவானால், சீசன் டிக்கெட் வாங்கும்போது ஒரு யோசனை. மூன்று மாத டிக்கெட்டின் விலை, ஒரு மாத டிக்கெட்டைப் போல் 2.7 மடங்குதான். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் கொஞ்சம் லாபம். இருந்தாலும் முதல் தடவை ஒரு மாத டிக்கெட்டே போதும். அது முடிகிற அன்று இரவு கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிவிட்டு, அடுத்ததை வாங்கலாம்.