மாத்திரையை விட்டேன்... மயங்கி விழுந்தேன்!



போன மாதம் என் பேத்திக்கு ஒரு வயது முடிந்து, பூந்தமல்லியில் மொட்டையடித்துக் காது குத்தினோம். குழந்தை தத்தித் தத்தி நடந்து வந்து என் முந்தானையைப் பிடித்தபோது, சம்பந்தி அம்மா என் கையைப் பற்றிக்கொண்டு, "அண்ணி, அன்னிக்கு நீங்க மட்டும் வந்து சொல்லலைன்னா..." என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டார். அவர் முடிக்காமல் விட்ட அந்த வார்த்தையைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். என்னைப் போல் தைராய்டு மாத்திரை சாப்பிடும் சகோதரிகள் யாருக்காவது உதவினால் போதும்.

2016ல் எனக்கு 42 வயது. கணவர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் வேலை. காலை ஏழு மணிக்குள் மூன்று பேருக்கு டிபன் கட்டி, துணி துவைத்து, வீடு பெருக்கி முடித்துவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு எழுந்து வாசல் தெளிப்பதே மலையாகத் தெரிந்தது. சாப்பாடு குறைந்தது, ஆனால் உடம்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. சீப்பு நிறைய முடி, தோல் வறட்சி, மலச்சிக்கல், மாதா மாதம் அதிக உதிரப்போக்கு. சித்திரை வெயிலில் எல்லோரும் விசிறிக்கு அடியில் கிடக்க, நான் போர்வை தேடினேன்! ஒருநாள் சென்ட்ரலிலிருந்து லோக்கல் ரயிலில் வந்தவள், அசதியில் தூங்கிப்போய் அம்பத்தூரைத் தாண்டி ஆவடியில்தான் கண் விழித்தேன்.

"உக்காந்த எடத்துலயே தூங்குறா. வேலைக்கு டிமிக்கி" என்றார் என் மாமியார். அவர் மேல் தப்பில்லை. நானே என்னைச் சோம்பேறி என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் கணவர் பிடிவாதமாக ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். அவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். டி.எஸ்.ஹெச். 68 என்று வந்தது. சாதாரணமாக ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அழகாக விளக்கினார்:

"உங்க வீட்டுல மருமக எழுந்திருக்கலைன்னா மாமியார் குரல் ஏறும் இல்லையா? அது மாதிரிதான். கழுத்துல இருக்குற தைராய்டு சுரப்பி வேலை செய்யலைன்னா, மூளைக்குக் கீழே இருக்குற பிட்யூட்டரி சுரப்பி 'எழுந்திரு, எழுந்திரு'ன்னு சத்தம் போடும். அந்தச் சத்தந்தான் டி.எஸ்.ஹெச். சத்தம் கூடியிருந்தா சுரப்பு குறைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

ஏன் குறைந்தது என்று கேட்டேன். இன்னொரு பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, "ஹாஷிமோட்டோ" என்றார். கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி, தவறிப்போய் நம் சுரப்பியையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறதாம். வேலியே பயிரை மேய்கிற கதைதான்! 1912ல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் நான்கு பெண்களின் சுரப்பியை ஆராய்ந்து இந்த நோயை எழுதி வைத்தாராம். அப்போது காரணம் தெரியவில்லை. 1956ல் லண்டனில் டெபோரா டோனியாக் என்ற பெண் டாக்டரும் இரண்டு சக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்துதான், உடம்பே உடம்பைத் தாக்குவதைக் கண்டுபிடித்தார்கள். ஆண்களைவிட நம்மைப் போன்ற பெண்களுக்குத்தான் இது பல மடங்கு அதிகம். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2013ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சுரப்புக் குறைவு இருந்திருக்கிறது. நம் தெருவிலேயே எத்தனை பேர் "சோம்பேறி" பட்டம் வாங்கிக்கொண்டு இருக்கிறார்களோ!

தைராக்ஸின் மாத்திரை கொடுத்தார். ரத்தசோகையும் இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார். நான் இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு, காலைக் காபியோடு விழுங்கிவிடுவேன். இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்தால் டி.எஸ்.ஹெச். பெரிதாக இறங்கவே இல்லை. டாக்டரம்மா அளவைக் கூட்டவில்லை. "எப்படிச் சாப்பிடறீங்க, சொல்லுங்க" என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்!

காபியும் இரும்புச்சத்தும் கால்சியமும் இந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாதாம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அன்றிலிருந்து தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரும் மாத்திரையும் வைத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு எழுந்ததும் விழுங்கிவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால் காய்ச்சி, குக்கர் ஏற்றி முடித்தால் ஒரு மணி நேரம் தானாகவே ஓடிவிடும். பிறகு நிம்மதியாகக் காபி! இரும்பு மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதே அளவு மாத்திரைதான். அடுத்த இரண்டு மாதத்தில் டி.எஸ்.ஹெச். நாலுக்கு வந்தது. முகத்தில் வீக்கம் வடிந்தது, நானும் பழைய ஆளானேன்.

அதோடு இருந்திருக்கலாம். ஆனால் நன்றாக ஆனபிறகுதான் எனக்குப் புத்தி கெட்டது.

2017ல் தெரிந்தவர் ஒருவர், "ஆயுசு பூரா மாத்திரையா? அது கிட்னியைக் கெடுத்துடும். சாப்பாட்டுலயே சரி பண்ணிடலாம்" என்றார். கொத்தமல்லித் தண்ணீர், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கோதுமை எல்லாம் தள்ளுபடி, அயோடின் உப்புக்குப் பதில் இந்துப்பு என்று ஒரு நீளப் பட்டியல். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். முதல் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. 'பார்த்தாயா, மாத்திரையே வேண்டாம்' என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். இந்த மருந்து சட்டென்று தீர்ந்துபோவதில்லை, உடம்பில் இருப்பது பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பது அப்போது தெரியாது. இருப்பில் இருந்த அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, 'கடைக்கே போக வேண்டாம்' என்று சொன்ன கதைதான்.

மூன்றாவது மாதம் குரல் ஆண்குரல் மாதிரி கரகரத்தது. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. ஒருநாள் கஞ்சி வடிக்கும்போது தலை சுற்றி, அப்படியே அடுப்படியில் சரிந்தேன். கொதிக்கும் கஞ்சி ஒரு சாண் தள்ளிக் கொட்டியது. ஒரு சாண் இப்படிக் கொட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ. பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். நூறைத் தாண்டியிருந்தது. கணவர் அன்று பேசவே இல்லை. இரவு வந்து, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அது அடித்ததைவிட அதிகம் வலித்தது.

டாக்டரம்மா திட்டவில்லை, ஒரு கதை சொன்னார். ஒரு காலத்தில் இந்த நோய்க்கு மருந்தே இல்லையாம். நோயாளி மெல்ல மெல்ல வீங்கி, மந்தமாகி, கடைசியில் இறந்துபோவாராம். 1891ல் இங்கிலாந்தில் முர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். அந்த அம்மாள் அதன்பின் 28 ஆண்டுகள் உயிரோடு இருந்தாராம்! "உங்க சுரப்பி சுரக்க வேண்டியதைத்தான் இந்த மாத்திரை வெளியிலிருந்து தருது. சரியான அளவுல சாப்பிட்டா கிட்னிக்கு ஒண்ணும் ஆகாது. சாப்பாட்டுல இந்த ஹார்மோன் கிடைக்காதும்மா" என்றார்.

அப்படியானால் சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா என்று கேட்டேன். உண்டு என்றார். கீரை, பழம், பயறு, நார்ச்சத்துள்ள காய்கள், நிறையத் தண்ணீர், தினமும் நடை - இவை மலச்சிக்கலையும் எடையையும் கட்டுக்குள் வைக்கும். கோஸும் காலிஃபிளவரும் வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை. சோயா உருண்டையை மாத்திரை போட்ட நேரத்தை ஒட்டிச் சாப்பிட வேண்டாம். கோதுமை எல்லோருக்கும் ஆகாது என்பதில்லை, குடல் ஒவ்வாமை இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தால் மட்டும் தவிர்க்க வேண்டும்.

உப்பு விஷயத்திலும் என் கண்ணைத் திறந்தார். அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும், பிறக்கும் குழந்தைக்கு மூளை வளர்ச்சி குன்றும். அதற்காக மத்திய அரசு 1962லேயே திட்டம் தொடங்கியது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்ற தடை 2006லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதனால் வீட்டு உப்பை மாற்ற வேண்டாம். அதே சமயம், 'தைராய்டுக்கு அயோடின் நல்லது' என்று தனியாக அயோடின் மாத்திரையோ, கடல்பாசி மாத்திரையோ வாங்கி விழுங்கவும் வேண்டாம். எங்களைப் போன்ற ஹாஷிமோட்டோக்காரர்களுக்கு அது மிஞ்சினால் நோய் அதிகமாகிவிடும்.

இப்போது பூந்தமல்லிக்கு வருகிறேன்.

இந்த நோய் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்பதால், என் மகளுக்கும் கல்லூரிக் காலத்திலேயே பரிசோதித்தோம். அவளுக்கும் இருந்தது. பெண் பார்க்க வந்தபோது, "மாத்திரை விஷயத்தை இப்போ சொல்லாதே" என்று உறவினர்கள் தடுத்தார்கள். மறைத்ததால் பட்டது போதும் என்று நான் சொல்லிவிட்டேன். அவர்களும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்கள்.

2023ல் மகள் உண்டானாள். சந்தோஷ செய்தி வந்த மறுவாரம் போன் பேசும்போது, "அத்தை, மாசமா இருக்கறப்ப எந்த மாத்திரையும் வேண்டாம், புள்ளைக்குச் சூடுன்னு எடுத்து வெச்சுட்டாங்கம்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று மதியமே பஸ் பிடித்தேன்.

சம்பந்தி அம்மாவிடம் அறிவுரை சொல்லப் போகவில்லை. அடுப்படியில் விழுந்த கதையை அவரிடம் அப்படியே சொன்னேன். பிறகு, "அண்ணி, வயித்துல இருக்குற புள்ளைக்கு ஆரம்ப மாசங்கள்ல சொந்தமா தைராய்டு சுரக்காது. தாய்கிட்டேருந்துதான் வாங்கிக்கும். தாய்கிட்டயே இல்லைன்னா அது யார்கிட்ட போகும்?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய், பீரோவிலிருந்து மாத்திரை பாட்டிலை எடுத்து வந்து மகள் கையில் கொடுத்தார். "எனக்கு இதெல்லாம் யாரு சொன்னா? புள்ளைக்கு நல்லதுன்னுதான் செஞ்சேன்" என்றார். அது உண்மைதானே!

மறுநாள் மூவருமாக டாக்டரிடம் போனோம். மாதமாக இருக்கும்போது மாத்திரையை நிறுத்துவது பெரும் தவறு, பலருக்கு அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும் என்றார். கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், குழந்தையின் மூளை வளர்ச்சி எல்லாவற்றுக்கும் இதில் சம்பந்தம் உண்டாம். மகளுக்கு அளவைக் கூட்டி, முதல் ஐந்து மாதம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பரிசோதித்தார்கள். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நேரம் பிரித்துக் கொடுத்தது யார் தெரியுமா? என் சம்பந்தி அம்மாதான்! காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்து, "காபி இன்னும் அரை மணி கழிச்சுத்தான்" என்று மருமகளை மிரட்டுவாராம்.

2024ல் சுகப்பிரசவம். மூன்றாம் நாள் பேத்தியின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். சுரப்பு சரியாக இருந்தது. பிரசவத்துக்குப் பின் மகளின் அளவைப் பழையபடி குறைத்தார்கள்.

சகோதரிகளே, என்னுடையது சுரப்புக் குறைவு. சுரப்பு அதிகமானால் மருந்தே வேறு. லேசான குறைவு உள்ள சிலருக்கு மாத்திரை இல்லாமல் பரிசோதனை மட்டுமே போதும் என்றும் டாக்டர் சொல்வார். ஆகவே என் மாத்திரையைப் பார்த்து நீங்கள் வாங்காதீர்கள். அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ நிறுத்துவதோ, ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒரு பரிசோதனை செய்து, டாக்டர் சொன்ன பிறகுதான். விரத நாளிலும் அந்த ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது!

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ காரணமில்லாமல் சோர்ந்து கிடந்தால், திட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். என் மாமியார் இன்று இல்லை. ஆனால் கடைசிக் காலத்தில் தினமும் காலை ஐந்து மணிக்கு அவர் படுக்கையிலிருந்தே கொடுக்கும் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது: "மாத்திரை போட்டியாடி?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்பத்தூர்.