சிவகாமியின் சபதமும் செங்கத்து நடுகற்களும்

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினால், பிள்ளைகளிடமிருந்து முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், இதெல்லாம் நெசமா நடந்ததா?” ‘பாதி உண்மை, பாதி கற்பனை’ என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். எந்தப் பாதி உண்மை, அது உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும் என்று அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனால், தமிழ்ப் பாடவேளையும் சமூக அறிவியல் பாடவேளையும் ஒன்றாகிவிடும். ஜவ்வாது மலை ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. நாவல் நடக்கும் காலத்தைச் சேர்ந்த கல்வெட்டுச் சான்றுகள் மலையின் அடிவாரத்திலேயே கிடைத்திருக்கின்றன.

நாவல் ‘கல்கி’ இதழில் 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னர்கள் மகேந்திரவர்மன், அவன் மகன் நரசிம்மவர்மன், அவர்களுக்கு எதிராகச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி. காஞ்சி முற்றுகையும் வாதாபிப் படையெடுப்பும் கதையின் இரு முனைகள். நான்கு பாகங்களையும் வகுப்பில் படித்து முடிக்க முடியாது, தேவையும் இல்லை. முதல் பாகமான ‘பரஞ்சோதி யாத்திரை’யில் சில அத்தியாயங்களும், ‘காஞ்சி முற்றுகை’யில் சில அத்தியாயங்களும் போதும். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் வேண்டிய பக்கங்களைப் படியெடுத்துக் கொடுப்பதில் சிக்கல் இல்லை.

வாசித்த பிறகு கதைமாந்தரைக் கரும்பலகையில் பிரித்து எழுதச் சொல்லலாம். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், புலிகேசி மூவரும் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இருப்பவர்கள். ஆயனச் சிற்பி, சிவகாமி, நாகநந்தி ஆகியோர் கல்கியின் படைப்பு. மகேந்திரர் வச்சிரபாகு என்ற பெயரில் மாறுவேடத்தில் வருவதும் அப்படித்தான். பரஞ்சோதியிடம் வரும்போதுதான் விவாதம் சூடுபிடிக்கும். அவர் சிறுத்தொண்ட நாயனார் என்றும், மன்னனுக்காகப் படை நடத்தி வாதாபியை அழித்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. ஆனால் எந்த மன்னன் என்று அது பெயர் சொல்வதில்லை. சேக்கிழார் எழுதியதும் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து. இவரை எந்தப் பிரிவில் எழுதுவது? பிள்ளைகளே வாதிடட்டும். நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அடுத்து, சண்டையில் வென்றது யார்? ஐஹொளெயில் சமணப் புலவர் ரவிகீர்த்தி பொறித்த கல்வெட்டு கி.பி. 634–35ஐச் சேர்ந்தது. பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொள்ளச் செய்தவன் என்று அது புலிகேசியைப் புகழ்கிறது. பல்லவர் தரப்புக் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது. அந்தப் பகைவர் யார் என்று அது குறிப்பிடவில்லை. செப்பேடு வெளியிடப்பட்டதும் நூறாண்டுக்கு மேல் கழித்து, இரண்டாம் நந்திவர்மன் காலத்தில். விளையாட்டு மைதானத்தில் இரண்டு அணிகள் ஆளுக்கொரு கதை சொல்வதைத் தினமும் கேட்கும் பிள்ளைகளுக்கு இது புரியாமல் போகாது. வாதாபி வீழ்ந்ததற்கு மட்டும் சான்று வலுவானது. இன்றைய கர்நாடகத்தின் பாதாமியில், பகைவனின் தலைநகரிலேயே, நரசிம்மவர்மனின் கல்வெட்டு சிதைந்த நிலையில் இருக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் அரசர்களின் குரல். இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைப் படியெடுத்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை 1972இல் வெளியிட்டது. கல்கி 1954இலேயே மறைந்துவிட்டார். நாவல் எழுதியபோது இந்தத் தொகுப்பு அவர் கையில் இல்லை. அவருக்குக் கிடைக்காத சான்று நம் மாணவருக்குக் கிடைக்கிறது. அதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவற்றுள் தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூர்க் கல் வகுப்புக்கென்றே செய்தது போன்றது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. அவனுக்கு அடங்கிய வாணர் குலத் தலைவர். அவரைச் சார்ந்த பொற்றொக்கையார். அவருடைய சேவகன் கருந்தேவக்கத்தி. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி இறந்துபோகிறான். அவன் வளர்த்த கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது. வீரனுடைய உருவத்தோடு நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. நாயின் பெயரும் எழுத்தில் இருக்கிறது. மாடு மேய்த்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு நாவலே வேண்டாம். கோவிவன் கதையைச் சொல்லி, அந்தக் கல்லை வரையச் சொன்னால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: இங்கே ‘கள்ளர்’ என்பது திருடர் என்ற பொருளில் வருகிறது, சாதிப் பெயராக அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இதே கல்லை வைத்து ஒரு கணக்குப் போடலாம். பல நூல்கள் மகேந்திரவர்மனின் ஆட்சிக்காலத்தைக் கி.பி. 600–630 என்று தருகின்றன. அப்படியானால் ஆட்சி முப்பது ஆண்டு. கல்லோ 34ஆம் ஆண்டு என்கிறது. 630இல் ஆட்சி முடிந்தது என்று வைத்துக்கொண்டால், தொடக்கம் 600க்குச் சில ஆண்டுகளாவது முந்தி இருந்தாக வேண்டும். வேறு சில நூல்கள் 590 என்றோ 580 என்றோ தொடங்குவது ஏன் என்பது அப்போது விளங்கும். அச்சிட்ட ஆண்டு ஒன்றை ஊர்க்கல் ஒன்று அசைக்கிறது என்பதை ஒரு மாணவி தன் கையால் கணக்கிட்டுக் கண்டுபிடித்தால், வரலாறு என்பது மனப்பாடம் என்ற எண்ணம் அவளிடம் நிற்காது.

எழுத்தையும் பார்க்கச் சொல்லலாம். மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் கல்வெட்டுகள் பெரும்பாலும் கிரந்த எழுத்தில், வடமொழியில் உள்ளன. அதே மன்னனின் காலத்து நடுகற்கள் வட்டெழுத்தில், தமிழில் உள்ளன. அரண்மனை யாரிடம் பேசியது, ஊர் யாரிடம் பேசியது? நாவலில் ஊர்க்காரர்கள் எங்கெல்லாம் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று தேடும் வேலையை இதற்குப் பிறகு கொடுத்தால் விடைகள் நன்றாக வரும். கருந்தேவக்கத்தியை ஒரு பாத்திரமாக வைத்து, நாவலில் இல்லாத ஓர் அத்தியாயத்தை எழுதவும் சொல்லலாம். அதில் எது கல்லில் உள்ளது, எது தன் கற்பனை என்று அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

மலைப் பள்ளிகளில் இன்னொரு பேச்சு தானாகவே எழும். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது மலையாளிப் பழங்குடி மக்களின் வாய்மொழி மரபு. நாவலில் காஞ்சி என்று கேட்டதும் யாராவது ஒரு பிள்ளை அதைச் சொல்லும். ‘அது கதை, இது வரலாறு’ என்று தள்ளிவிடக் கூடாது. பாட்டி சொல்வது, கல் சொல்வது, கல்கி சொல்வது மூன்றும் மூன்று வகையான சொல்லல்கள். ஒவ்வொன்றையும் யார், யாருக்காக, எத்தனை காலம் கழித்துச் சொன்னார்கள் என்று கேட்கலாம். ஐஹொளெக் கல்வெட்டிடம் கேட்ட அதே கேள்விதான். பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்தால், சொன்னவர் பெயரோடும் நாளோடும் ஒரு குறிப்பேட்டில் சேர்த்துப் பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டும். எழுதப்படாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது கிடைக்காது.

களப்பயணம் முடிந்தால், வந்தவாசி வட்டத்துச் சீயமங்கலத்துக்குப் போகலாம். மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் அது. பணமும் பேருந்தும் கிடைக்காத ஆண்டில், செங்கத்துப் பக்கம் உறவினர் உள்ள பிள்ளைகளிடம் அங்குள்ள வேடியப்பன் கோயிலைப் பார்த்துவரச் சொல்லலாம். அந்த வட்டாரத்தில் நடுகற்களைத்தான் பல இடங்களில் வேடியப்பன் என்று வழிபடுகிறார்கள். வழிபாட்டில் உள்ள கல்லை ஊர்ப் பெரியவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பது, வண்ணம் பூசுவது, கம்பியால் சுரண்டுவது எதுவும் கூடாது. காலையிலோ மாலையிலோ சாய்வெயில் படும்போது எடுக்கும் கைப்பேசிப் படத்திலேயே எழுத்து தெளிவாகத் தெரியும். சாலை விரிவாக்கத்திலோ வயல் திருத்தும்போதோ உருவமோ எழுத்தோ உள்ள கல் வெளிப்பட்டால், அதை நகர்த்தாமல், இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தலைமையாசிரியர் வழியாக அன்றே எழுதிவிடலாம்.