ஜெனரேட்டர் கிளம்பவில்லையா?

2018 நவம்பர் 16இல் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தப்பிய பயிருக்கு நீர் பாய்ச்ச டீசல் ஜெனரேட்டர்தான் கைகொடுத்தது. டேங்க் வறண்டு நின்ற என்ஜின், டீசல் ஊற்றியும் கிளம்பாவிட்டால் குழாயில் காற்று புகுந்திருக்கும். பம்பைக் கழற்ற அவசரப்பட வேண்டாம், அது வீண்செலவு. டேங்க்கை நிரப்பி, பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்தவும். நுரையும் குமிழியும் வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வழிந்ததும் இறுக்கவும். பம்பிலுள்ள திருகிலும் இவ்வாறே செய்யவும். பிறகும் கிளம்பாவிடில் நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டைத் தளர்த்தி, என்ஜினைச் சுற்றி, டீசல் வந்தபின் இறுக்கவும். அங்கே கை வைக்கலாகாது. அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் மெக்கானிக்கை அழைக்கலாம்.