அத்தித் தடிக்கு வேர் வரும்வரை

ஊரில் மாரி தொடங்கும்போது கிளுவங் கதியாலை வேலியில் நட்டுவிட்டால் மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். இங்கே ரொறன்ரோவில் மழையின் வேலையையும் நாங்கள்தான் செய்யவேண்டும்.

இங்குள்ள இத்தாலிய, போர்த்துக்கேயப் பெரியவர்கள் பலர் தங்கள் வளவுகளில் சீமை அத்தி வளர்க்கிறார்கள். இது எங்கள் ஊர் அத்தி அல்ல. குளவியின் உதவி இல்லாமலே பழுக்கும் இனம். பழம் தேன்போல இருக்கும். இலை கொட்டியபின் கிளை வெட்டும்போது கேட்டால் தடி தருவார்கள். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் இத்தாலியர் கேட்காமலே தந்தார்.

பென்சில் தடிப்பும், ஒரு சாண் நீளமும், மூன்று நான்கு கணுக்களும் உள்ள தடி நல்லது. வெட்டும்போது வடியும் பால் தோலில் பட்டால் கடிக்கும், உடனே கழுவுங்கள். நட நேரமில்லையென்றால் ஈரப் பேப்பரில் சுற்றிப் பொலித்தீன் பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். உறக்கத்திலுள்ள தடி சில கிழமை பொறுக்கும்.

நடுவதற்கு, பூங்கன்றுக் கடைகளில் விற்கும் பேர்லைற் என்ற வெள்ளைக் குறுணி மண்ணைவிட நல்லது. அடியில் துளையிட்ட, உள்ளே தெரியக்கூடிய பிளாஸ்ரிக் கோப்பையில் அதை நிரப்பி, மேல் மொட்டு வெளியே தெரிய நடுங்கள். தண்ணீர் விட்டு முழுவதும் வடியவிடுங்கள்.

குளிர்காலத்தில் ஹீற்றர் வீட்டுக் காற்றை உலர்த்திவிடும். அதற்காகக் கேத்திலைக் கொதிக்கவிட்டு அறை முழுவதையும் ஈரமாக்காதீர்கள். அந்த ஈரம் யன்னலில் வடிந்து, சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். தொய்வு உள்ள பிள்ளைக்கு அது கூடாது. வீட்டுச் சொந்தக்காரரோடும் கரைச்சல். ஈரம் தடிக்குத்தான் வேண்டும். கோப்பையை மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வையுங்கள். மூடியில் மெல்லிய புகார்போல் நீர் படிந்தால் சரி. சொட்டினால் திறந்து சற்றுக் காற்று விடுங்கள். 21 முதல் 25 பாகை செல்சியஸ் சூடு போதும்.

இரண்டு மூன்று கிழமையில் இலை விரியும். பலர் தடியைப் பறிகொடுப்பது இங்கேதான். அது தடிக்குள் சேமித்திருந்த சாப்பாட்டில் வந்த இலை. கீழே இன்னும் வேர் இராது. சந்தோசத்தில் வெளியே எடுத்து வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வாடிவிடும். வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்ற, அடி அழுகும். கோப்பையின் ஓரத்தில் வெள்ளை வேர்கள் நன்றாகத் தெரியும்வரை பொறுங்கள். சிலவேளை இரண்டு மாதமும் செல்லும்.

பிறகு மூடியை நாளுக்கு நாள் கொஞ்சம் கூடத் திறந்து, ஒரு கிழமைக்குப் பின் மண் சாடிக்கு மாற்றுங்கள். மே மாதக் கடைசிவரை வெளியே வைக்கவேண்டாம். வாடகை வீட்டுக்காரருக்குச் சாடிதான் வசதி: வீடு மாறினால் கூடவே வரும்.