மதுரைக்கு மூன்று வழி

திருப்பதியிலும் சித்தூரிலும் குடியமர்ந்துள்ள நம் தமிழ் இல்லங்களில் இன்று ஒரு காட்சியைப் பரக்கக் காணலாம். பாட்டனார் சாய்வு நாற்காலியில் சிலப்பதிகாரத்தை விரித்திருப்பார். அவர் காலடியில் பேரன் கைப்பேசியில் அரக்கனொருவனோடு பொருதுகொண்டிருப்பான். பேரனுக்குப் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் உண்டு. வீட்டில் தமிழ் பேசுவான்; எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் எழுந்து போய்விடுவான். பாட்டனார் கையிலுள்ள கதை பேரன் கையிலுள்ள பொறிக்குள் புகுமா என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்கும் பொருள்.

சீனர் அதனைச் செய்து காட்டியுள்ளனர். 16ஆம் நூற்றாண்டில் எழுந்த 'மேற்கு நோக்கிய பயணம்' என்னும் அவர்தம் பெருங்கதையை அடியொற்றி, 'பிளாக் மித்: வுகோங்' என்னும் வீடியோ விளையாட்டு 2024 ஆகஸ்டு 20ஆம் நாள் வெளிவந்தது. மூன்றே நாளில் ஒரு கோடிப் படிகள் விற்றன. அக்கதைக்கு வித்தானவர் 7ஆம் நூற்றாண்டில் பாரத நாட்டைச் சுற்றிவந்த யுவான் சுவாங் என்னும் துறவி. காஞ்சி மாநகரைப் பற்றியும் அவர் எழுதி வைத்துள்ளார். நம் திண்ணைவரை வந்து திரும்பியவரின் கதை இன்று உலகெங்கும் ஆடப்படுகிறது!

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. 2009இல் ஐதராபாத்து நிறுவனமொன்று அனுமனைத் தலைவனாகக் கொண்டு ஒரு விளையாட்டை ஆக்கியது. தெய்வத்தை விளையாடுவோன் தன் விரல் நுனியால் ஆட்டிவைப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. கோயில் நகரில் வாழும் நாம் அவ்வெதிர்ப்பை எள்ளி நகையாட மாட்டோம். ஆயினும் அதைவிடக் கடினமான வினா ஒன்று உண்டு. விளையாட்டென்றால் வெற்றி தோல்வி ஆடுவோன் கையில் இருத்தல் வேண்டும். காப்பியத்தின் முடிவோ முன்பே எழுதப்பட்டது. கோவலன் கொலையுண்ணாமல் ஆடுவோன் காத்துவிட்டால் அது சிலப்பதிகாரம் ஆகுமா? ஆகாது என்பதே நம் கருத்து.

இதற்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. இவ்வட்டாரத்துத் திரௌபதி, தருமராசர் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவைக் கண்டிராத குடும்பம் நம்முள் அரிது. பகலில் தெலுங்கில் ஹரிகதை, இரவில் நாடகம். அருச்சுனன் தவமரம் ஏறும்போது கீழே நிற்போர் எலுமிச்சம்பழத்துக்கும் திருநீற்றுக்கும் கையேந்துவர். மண்ணால் சமைத்த துரியோதனன் ஊர்வெளியில் நெடுங்கிடையாகக் கிடக்க, வீமன் வேடம் பூண்டவர் கூட்டத்தினூடே பாய்ந்து வருவார்; நாமும் குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவோம். துரியோதனன் மடிவான் என்பது யாவர்க்கும் தெரியும். முடிவை எவரும் மாற்ற விழைவதில்லை. ஆனால் இறுதியில், நேர்ந்துகொண்டவர்கள் தாமே நெருப்பில் இறங்கி நடக்கிறார்கள். பார்த்திருந்தவர் கதைக்குள் நுழைந்துவிடும் இடம் அதுவே.

இவ்வழியில் நோக்கினால் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, விளையாட்டுக்கென்றே இளங்கோவடிகள் எழுதிவைத்ததுபோல் தோன்றும். உறையூரைக் கடந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் ஒரு சோலையில் மாங்காட்டு மறையவனைச் சந்திக்கின்றனர். அவன் அரங்கத்திலும் வேங்கடத்திலும் திருமாலைக் காணப் புறப்பட்டவன். ஆம், நாம் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் அதே வேங்கடந்தான்! மதுரைக்கு மூன்று வழி உண்டென்கிறான் அவன். வலப்பக்க வழி வெம்மை மிக்க நெடுவழி. இடப்பக்க வழியில் திருமால் குன்றத்துப் பிலம் ஒன்று. அங்கு வரோத்தமை என்பாள் தோன்றி, இம்மை இன்பம் எது, மறுமை இன்பம் எது, இரண்டுமின்றி என்றும் நிலைப்பது எது என வினவுவாள். விடையிறுத்தார்க்கே கதவு திறக்கும். உள்ளே புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள். இடைப்பட்ட வழியிலோ மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு. கவுந்தியடிகள் பொய்கைகள் வேண்டாவென மறுக்க, அவர்கள் இடைவழியே சென்றனர். நீருண்ணப் போன கோவலன்முன் அத்தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை வடிவில் வந்து அழுதது. அவன் மந்திரம் ஓதி அதனை ஓட்டினான்.

இங்கே வழித்தேர்வு உண்டு, புதிர் உண்டு, மாயப்பகை உண்டு. எவ்வழி சென்றாலும் மதுரை மதுரையே. சிலம்பு விற்கும் தெருவில் கோவலனைத் தடுக்கும் ஆற்றல் ஆடுவோனுக்கு இராது. ஆனால் அவ்வளவு தொலைவு உடன் நடந்தவனுக்கு அத்தெரு வேறாகத் தோன்றும்.

2023இல் கனடாவிலிருந்து வெளிவந்த 'வெண்பா' என்னும் விளையாட்டையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். காப்பியமன்று, பாவகையின் பெயர் தாங்கிய தாய் ஒருத்தி, 1980களின் இறுதியில் அந்நாட்டில் குடியேறி, சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலி அவிக்கும் கதை. விடுபட்ட படிகளை ஆடுவோனே ஊகித்துச் செய்ய வேண்டும். இட்டலித் தட்டு அடுக்கும் முறையைப் பிரித்தானிய பாஃப்டா விருதுவரை கொண்டுசென்றுள்ளனர் என்றால் சிலம்பை ஏன் கொண்டுசெல்ல இயலாது?

கணினி வல்லார் நம் இளைஞருள் பலர். அவர்கள் முன்வரும் வரையில் நாம் காத்திருக்க வேண்டா. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடுகிறோமே, அத்தகைய அட்டையொன்றில் இம்மூன்று வழிகளையும் வரைந்துகொள்ளலாம். சோழி உருட்டிக் காய் நகர்த்தலாம். வரோத்தமையின் கட்டத்துக்கு வந்த குழந்தை, அங்கே தமிழில் எழுதியுள்ள கேள்வியைத் தானே வாய்விட்டுப் படித்தால்தான் காயை எடுக்கலாம். பாட்டனார் அருகிலிருந்து எழுத்துக் கூட்டிக் கொடுக்கலாம்.