மின்சாரம் திரும்பும் வழி

ஐம்பது வருடம் ஓடிய ஒரு எம்ஜிபி காரின் தரை கார்பெட்டை உரித்தால் முதலில் எழுவது வாடை. மழைநீரில் ஊறி மட்கிய விரிப்பு, தொட்டால் பொடியாகும் இருக்கை நுரை, அதற்கு அடியில் துரு. அந்தக் கணத்தில் காரை வாங்கியவரின் மனம் புதுத் தோல் இருக்கைக்கும் பளபளக்கும் ஸ்டீயரிங்குக்கும் தாவிவிடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்தக் காரில் உள்ளறை வேலையும் ஒயரிங் வேலையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னியவை. ஒயர்களின் பெரிய முடிச்சு டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. பேட்டரி இருக்கைகளுக்குப் பின்னே கார்பெட்டுக்கு அடியில் இருக்கிறது. அழகை முதலில் ஒட்டிவிட்டால், ஒரு விளக்கு எரியாமல் போகும் நாளில் அதே அழகைக் கிழிக்க நேரும்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்றொரு சிற்றூர். அங்கிருந்த எம்ஜி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை இந்தக் கார் தயாரானது. மடக்குக் கூரை, இரண்டு இருக்கை, 1,798 சி.சி. இன்ஜின். மூடிய கூரையுடன் ஜிடி என்ற வடிவம் 1965இல் சேர்ந்தது. எல்லா வடிவங்களும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றன. அந்த இன்ஜின் நமக்கு அந்நியம் அல்ல. பி சீரிஸ் என்ற அதே குடும்பத்தின் 1,489 சி.சி. இன்ஜின்தான் நம் அம்பாசடரைப் பல்லாண்டுகள் இழுத்தது. மின்கருவிகள் பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனத்துடையவை. 1961இல் டிவிஎஸ்ஸுடன் கூட்டுச் சேர்ந்து சென்னைக்கு வந்த அதே லூகாஸ்.

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களிடையே லூகாஸுக்கு ‘இருளின் இளவரசன்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. இந்தக் கார்களில் விளக்கு மங்குவதற்கும் முள் தவறாகக் காட்டுவதற்கும் பெரும்பாலும் காரணம், மின்சாரம் திரும்பி வரும் பாதை அடைபட்டுப் போவதே.

வீட்டில் ஒரு பல்புக்கு இரண்டு ஒயர் வேண்டும். காரில் ஒன்று போதும். பேட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் போகும் மின்சாரம், வேலையை முடித்துவிட்டு இரும்பு உடம்பு வழியாகத் திரும்பிவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்கிறார்கள். அந்த உடம்பு துருப்பிடித்தாலோ, புதுப் பெயின்ட்டுக்கு மேல் விளக்கைத் திருகினாலோ, திரும்பும் வழி குறுகிவிடும். முழுதாக அடைபட்டால் மின்சாரம் வேறு சந்து தேடும். பின்விளக்கு பல்பில் பிரேக்குக்கு ஒரு இழை, இரவு விளக்குக்கு ஒரு இழை. இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அது போய்விட்டால், பிரேக்கை மிதிக்கும்போது வரும் மின்சாரம் பக்கத்து இழைக்குள் புகுந்து, மற்ற இரவு விளக்குகள் வழியாக வெளியேறும். பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு மங்கலாக எரிகிறது என்று குழம்பி ஸ்விட்சை மாற்றுபவர்கள் உண்டு. ஸ்விட்சில் குற்றமே இராது. விளக்கைக் கழற்றி, உட்காரும் இடத்தை உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவி முடுக்கினால் தீர்ந்தது.

அடைப்பு எவ்வளவு சிறியதாக இருந்தால் போதும்? 60 வாட் முகப்பு விளக்கு இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும். பாதையில் எங்காவது ஒரு இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால் அங்கே ஒரு வோல்ட் காணாமல் போகும். அந்த இடத்தில் 10 வாட் சூடாக மாறும். வோல்ட் குறைவதைவிட வேகமாக வெளிச்சம் குறையும் என்பதுதான் இதில் கொடுமை. இழை பல்புக்குப் பத்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இருட்டுச் சாலையில் அந்த ஒரு பங்குதான் முன்னால் நடப்பவரைக் காட்டுவது.

அந்த 0.1 ஓம் ஒளிந்திருக்கும் இன்னொரு இடம் புல்லட் இணைப்பு. ஒயரின் நுனியில் துப்பாக்கிக் குண்டு போன்ற பித்தளை முனை. இரண்டு முனைகள் ஒரு உலோகக் குழலுக்குள் எதிரெதிரே நுழையும். மேலே ரப்பர் உறை. புதிதில் அருமையான ஏற்பாடு. பத்து மழைக்காலம் போனதும் உள்ளே பச்சைக் களிம்பு ஏறிவிடும். பின்விளக்குகளுக்குப் போகும் ஒயர் காரின் அடிவயிற்றில், சேறு தெறிக்கும் வழியில் ஓடுவதால் அங்கே சேதம் அதிகம். குழலை மாற்றுவது எளிது. ஆனால் ஒயரின் தோலைச் சீவிப் பார்க்கும்போது செம்பு கறுத்திருந்தால், ஈரம் உள்ளே வெகுதூரம் ஊறிவிட்டது என்று பொருள். அதற்குமேல் ஒட்டுப் போட்டு ஓட்ட முயல்வது வீண். ஹார்னஸ் எனப்படும் ஒயர்க் கட்டு முழுவதையும் மாற்றிவிடுவதுதான் நல்லது. இந்தக் காருக்குப் பழைய நிறங்களிலேயே ஹார்னஸ் இன்றும் செய்து விற்கிறார்கள்.

நிறம் என்றதும் நின்று பேசியாக வேண்டும். இந்தக் காரின் ஒயர்களில் ஒரு மொழி இருக்கிறது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது, ஃபியூஸ் இல்லாதது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது. அதுவே ஃபியூஸைத் தாண்டினால் பச்சையாகும். ஊதா, ஃபியூஸ் உண்டு, ஆனால் சாவி வேண்டாம். ஹாரன் அந்த வகை. நீலம் முகப்பு விளக்கு, சிவப்பு இரவு விளக்கு, கறுப்பு எர்த். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர். வெள்ளைக் கோடு வலது. இதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்திருக்கும்போதும் வழி தவறமாட்டார். கையில் கிடைத்த ஒரே சிவப்பு ஒயர்ச் சுருளால் காரெல்லாம் இழுத்துவிடுவது, அடுத்து அந்தக் காரைத் தொடப்போகிறவருக்குச் செய்யும் அநீதி.

பழுப்பு ஒயருக்கு ஃபியூஸ் இல்லை என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. ஆரம்பகாலக் கார்களில் இருந்தவை இரண்டே ஃபியூஸ். பழுப்பு ஒயர் எங்காவது தகட்டில் உரசித் தோல் கிழிந்தால், எரிந்து அறுந்து காப்பாற்ற எதுவும் இல்லை, ஒயரே எரியும். அதனால் தகட்டின் ஒவ்வொரு ஓட்டையிலும் புது ரப்பர் வளையம் கட்டாயம். முகப்பு விளக்குக்குத் தனி ஃபியூஸும், ஸ்விட்சுக்குப் பதிலாக அதன் மின்சாரத்தைத் தாங்கும் ரிலேயும் சேர்ப்பதை அசல் கெடும் என்று சிலர் எதிர்ப்பார்கள். நான் சேர்க்கும் கட்சி. கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டால் அழகும் கெடாது, பழைய ஸ்விட்சின் பாரமும் குறையும்.

புது ஹார்னஸை நுழைப்பதற்கு முன் பழையதைப் புகைப்படம் எடுத்து, முனைதோறும் சீட்டுக் கட்ட வேண்டும். பழையதின் வாலில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு உருவினால், ஒயர் வெளியே வர, கயிறு அது போன பாதையில் படுத்துக்கொள்ளும். அந்தக் கயிற்றின் மறுமுனையில் புதியதைக் கட்டி இழுத்தால் சரியான வழியிலேயே போய்ச் சேரும்.

டேஷ்போர்டைக் கழற்றும்போது இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. ஆரம்பகாலக் கார்களில் எண்ணெய் அழுத்தத்தையும் தண்ணீர் வெப்பத்தையும் காட்டும் இரட்டை மீட்டர் ஒன்று உண்டு. அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மெல்லிய செம்புக் குழாயை ஒயர் என்று நினைத்து வெட்டிவிடக் கூடாது. உள்ளே ஈதர் அடைத்திருக்கிறார்கள். வெந்நீர்ச் சூட்டில் அது விரிந்து முள்ளைத் தள்ளுகிறது. வெட்டினால் மீட்டர் செத்தது. மற்றது, பெட்ரோல் மீட்டருக்கு மின்சாரம் தரும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். வெவ்வேறு உலோகங்கள் இரண்டை ஒட்டிய பட்டை ஒன்று சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் மீண்டும் சேர்க்கும். இப்படி விட்டுவிட்டுக் கொடுப்பதால் சராசரியாக 10 வோல்ட் போய்ச் சேர்கிறது. அதன் கூட்டுக்கு எர்த் சரியில்லாவிட்டால் பட்டை சூடாகாது, இணைப்பு துண்டிக்கப்படாது; இருக்கும் பெட்ரோலைவிட அதிகமாக மீட்டர் காட்டும். வழியில் வண்டி நின்ற பிறகுதான் உண்மை தெரியவரும்.

1967க்கு முந்தைய கார்களுக்கு இன்னொரு விசித்திரம்: உடம்பில் இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. இன்றைய ரேடியோவை யோசிக்காமல் பொருத்தினால் அது புகைந்துவிடும்.

இனி உள்ளறை. கார்பெட் விரிக்கும் முன் கதவுக்குக் கீழே ஓடும் சில்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் காருக்குத் தனிச் சேஸ் கிடையாது, சில்தான் முதுகெலும்பு. அது உளுத்திருந்தால் கூரையில்லாத இந்தக் கார் நடுவில் தொய்யும், கதவு பூட்டாது. மேலே எவ்வளவு உயர்ந்த தோல் தைத்தாலும் பயன் இல்லை. நம்பிக்கை தரும் செய்தி, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் முழு எம்ஜிபி கூடுகளையே புதிதாகச் செய்து வருகிறது.

கார்பெட்டைக் கியர்பாக்ஸ் மேட்டில் தொடங்கி இருபுறமும் இறக்குவார்கள். இருக்கை போல்ட் வரும் துளைகளைப் பசை காய்வதற்குள் குத்தூசியால் அடையாளம் வைத்துவிட வேண்டும். இருக்கைத் தண்டவாளத்துக்கு அடியில் வரும் மரப்பட்டிகளைத் தேவையற்றவை என்று தூக்கிப்போடுபவர்கள் உண்டு. உயரம் சரியாக அமைய அவை வேண்டும். இருக்கைக்குப் புது உறை போடுவது பொறுமையின் வேலை. நுரையின் மேல் மெல்லிய பாலிதீன் சுற்றினால் தோல் உறை வழுக்கிக்கொண்டு இறங்கும். ஓரத்தில் ஓடும் பைப்பிங் கோடு நேராக நிற்கும்வரை இழுத்து, வெயிலில் வைத்துத் தளர்த்தி, மறுபடி இழுக்க வேண்டும். டேஷ்போர்டு தகட்டில் இருக்கும் சுருக்கம் விழுந்த கறுப்புப் பெயின்ட் மட்டும் உரியாமல் இருந்தால் தொடாமல் விடுவதே நல்லது. அந்த ஐம்பது வருட மங்கலைப் புதிய பெயின்ட் தராது.

இதற்கெல்லாம் முன்பே, தகடு வெறுமையாக இருக்கும்போது, ஒரு சோதனை முடிந்திருக்க வேண்டும். பேட்டரியின் ஒரு முனைக்கும் அதன் ஒயருக்கும் நடுவே ஒரு சிறு பல்பை இணைத்து, எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கும் நிலையில் கவனித்தால் போதும். பல்பு எரியாவிட்டால் நலம். பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஒயர் தகட்டைத் தொடுகிறது. அத்தனை மின்சாரத்தையும் பல்பு தன் வழியே அடக்கி வைத்திருப்பதால் எதுவும் எரிந்துபோகாது, நிதானமாகத் தேடலாம்.

1974 வரை இந்தக் காரில் இருந்தவை ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு. இருக்கைகளுக்குப் பின்னே, தரையில் ஒரு மூடிக்குக் கீழே. காரில் உள்ள எல்லா மின்சாரமும் அங்கே புறப்பட்டு அங்கேயே திரும்புகிறது. அதனால் அனுபவமுள்ள கைகள் அந்த மூடியின் மேல் வரும் கார்பெட்டுக்கு மட்டும் பசை தடவுவதில்லை. சரியாக வெட்டி, சும்மா விரித்து விடுகிறார்கள்.