வெளிநாட்டு வைத்தியக் கல்வி: திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள்

நீட் பரீட்சையில் தேறியும் அரசாங்கக் கல்லூரியில் இடம் கிட்டாமல், தனியார் கல்லூரிகள் கேட்கும் பணத்தைக் கொடுக்கவும் சக்தியில்லாமல் நிற்கும் மாணவனுக்கு, ரஷ்யா, ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான், பிலிப்பைன்ஸ் முதலிய தேசங்களின் கல்லூரிகள் பெரிய ஆறுதலாகத் தோன்றுவது இயல்பே. அங்கே பலவற்றில் இடம் பெறுவதும் அவ்வளவு சிரமமன்று. பட்டத்தோடு ஊர் திரும்பி, இந்நாட்டில் வைத்தியம் பார்க்க உரிமை கேட்கும்போதுதான் சிரமமெல்லாம் ஆரம்பமாகிறது. ஆகையால் விண்ணப்பம் எழுத உட்காருகிறவர், இந்தக் காரியத்தைக் கடைசியிலிருந்து முதலுக்கு யோசித்து வருவதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18ஆம் தேதி கெஜட்டில் பிரசுரித்த விதிகளின்படி, வெளிநாட்டுப் படிப்பு 54 மாதங்களுக்குக் குறையாமலும் ஆங்கிலத்தில் போதிக்கப்படுவதாகவும் இருக்க வேண்டும். அதே ஸ்தாபனத்தில் மேலும் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். அந்நாட்டுப் பிரஜைக்குச் சமமாக அங்கே தொழில் நடத்தும் தகுதியை அந்தப் பட்டம் தர வேண்டும். எல்லாம் சேர்ந்து 10 வருஷங்களுக்குள் முடிய வேண்டும். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த நிபந்தனைகளில் ஒவ்வொன்றும் யாரோ சிலரின் கல்வியைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. பிலிப்பைன்ஸில் பி.எஸ். என்ற முற்படிப்புக்குப் பிறகு வரும் எம்.டி. படிப்பு 4 வருஷந்தான். முற்படிப்பை வைத்தியக் கல்வியாகக் கணக்கிட ஆணையம் இசையாததால், 54 மாதம் நிறையாமல் போயிற்று.

கல்லூரியை நடுவில் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கும் இவ்விதிகளில் இடமில்லை. 2022 பிப்ரவரியில் யுத்தம் மூண்டு, ‘ஆபரேஷன் கங்கா’ விமானங்களில் உக்ரேனிலிருந்து மீண்டு வந்தவர்கள் வேறு நாட்டுக் கல்லூரிகளில் படிப்பைத் தொடர ஆணையம் தனியாகச் சலுகை அளிக்க வேண்டியிருந்தது. கொரோனாக் காலத்தில் சீனா எல்லையை மூடிவிட, வீட்டிலிருந்தபடியே கணினித் திரையில் பாடம் கேட்டவர்களுக்கோ, அவ்வாறு மட்டும் கற்ற கல்வி செல்லாது என்ற அறிவிப்பே கிடைத்தது.

“ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரி” என்று ஏஜெண்டுகள் தரும் விளம்பரத்தைக் கண்டால் சற்றே நின்று யோசிக்க வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கிப் பட்டியல் வெளியிடும் வழக்கம் ஆணையத்துக்கு இல்லை. உலக மருத்துவக் கல்லூரிகளின் அட்டவணையில் பெயர் இருப்பதும் கல்லூரி உண்டு என்பதற்கு அத்தாட்சியேயன்றித் தரத்துக்கு அத்தாட்சியன்று.

பாஷையின் சங்கடத்தைப் பற்றி ஏஜெண்டுகள் வாய் திறப்பதே அபூர்வம். வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்தில் போதித்தாலும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் ரஷ்யக் கிழவி தன் மார்வலி எப்போது தொடங்கிற்று, எந்தப் பக்கம் பரவுகிறது என்பதை ரஷ்ய மொழியில்தான் சொல்லுவாள். அதைக் கேட்டறிய முடியாத மாணவன் நோயாளியின் பக்கத்தில் நின்றுகொண்டே புத்தகத்திலிருந்து வைத்தியம் கற்கிறவனாகிவிடுகிறான். முதல் வருஷத்திலேயே அந்நாட்டு மொழியைச் சிரத்தையோடு கற்பிக்கும் கல்லூரி எது என்று விசாரிப்பது, விடுதியில் தென்னிந்தியச் சாப்பாடு உண்டா என்று விசாரிப்பதைவிடப் பன்மடங்கு பிரயோஜனமுள்ளது.

இந்தக் குறையெல்லாம் வெளிப்படும் இடம் எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதிப் பரீட்சை. 2002 முதல் நடந்துவரும் இதில் 300 கேள்விகள்; 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி; தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. இவ்வளவு தயவு இருந்தும், அண்மைக்காலத்தில் பல தடவை, எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே தேறினர். தேறிய பிறகும் இந்நாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு வருஷப் பயிற்சி உண்டு. ஆகவே செலவைக் கணக்கிடும் தகப்பனார், 6 வருஷக் கட்டணத்தோடு, பரீட்சைக்குத் தயாராகும் காலத்தையும் இந்தப் பயிற்சி வருஷத்தையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

இவ்வளவுக்கும் பின்னரே விண்ணப்பப் பத்திரங்கள். வெளிநாடு செல்வதற்கும் நீட் தேர்ச்சி கட்டாயம். அதன் பலன் 3 வருஷம் செல்லும். மதிப்பெண் சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும், போகும் தேசம் கேட்டால், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெற வேண்டும். பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதியது வாங்கினாலும் பழையதைத் தொலைத்துவிடலாகாது; மாணவன் எந்தெந்தக் காலத்தில் அந்நாட்டிலிருந்து நேரில் படித்தான் என்பதைப் பதிவு வேளையில் அதிலுள்ள குடிவரவு முத்திரைகளைக் கொண்டே சரிபார்க்கிறார்கள்.